கேம் சந்தா சேவைகள்: ஐந்தாண்டு, பத்தாண்டுக் கணக்கில் பார்த்தால் கொடுத்த பணத்துக்குத் தகுமா?

நெடுவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மாதாமாதம் பணம் கட்டி ஒரு பட்டியலில் உள்ள கேம்களை விளையாடும் சந்தாக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த மாதம் எது சேர்ந்தது, எது விலகியது என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒரு மாதக் கட்டணத்தை ஒரு புதிய கேமின் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் சந்தா மலிவாகத் தெரிவது இயல்பே. நான் இங்கே கேட்க விரும்புவது நீண்ட காலக் கணக்கு. ஐந்து ஆண்டுகளோ பத்து ஆண்டுகளோ இடைவிடாமல் கட்டிய ஒருவர், அதே பணத்தைக் கொண்டு கேம்களை வாங்கியிருந்தால் கூடுதல் பயன் பெற்றிருப்பாரா, குறைவாகப் பெற்றிருப்பாரா?

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் விலை போன போக்கு. ஒப்பிட எளிதாக இருக்கும் என்பதால் அமெரிக்க விலைகளையே சில்லறையை முழு டாலராக்கித் தருகிறேன். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான (தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவி) சந்தாவான கேம் பாஸ் 2017 ஜூனில் மாதம் 10 டாலருக்குத் தொடங்கியது. 2018 ஜனவரியில், தன் சொந்தத் தயாரிப்புகள் அனைத்தும் வெளியாகும் நாளிலேயே அதில் சேரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ அவ்வாறு சேர்ந்த முதல் கேம். 2019 ஜூனில் அதன் மேலடுக்கான அல்டிமேட் திட்டம் 15 டாலருக்கு அறிமுகமானது. 2023இல் அது 17 ஆகவும், 2024இல் 20 ஆகவும் உயர்ந்து, 2025 அக்டோபரில் ஒரே தாவலில் 30 டாலரை எட்டியது. ஆறு ஆண்டுகளில் கட்டணம் இருமடங்கானது. அதே காலத்தில் பெரிய நிறுவனங்களின் புதிய கேம் ஒன்றின் விலை 60 டாலரிலிருந்து 70 டாலராக, அதாவது ஆறில் ஒரு பங்குதான் ஏறியது.

சோனியும் விதிவிலக்கில்லை. அதன் பிளேஸ்டேஷன் கன்சோலுக்கான சந்தாவான பிளேஸ்டேஷன் பிளஸ் 2022 ஜூனில் மூன்று அடுக்குகளாக மாற்றப்பட்டது. 2023 செப்டம்பரில் அதன் ஆண்டுக் கட்டணங்கள் எசென்ஷியலுக்கு 60லிருந்து 80 ஆகவும், எக்ஸ்ட்ராவுக்கு 100லிருந்து 135 ஆகவும், பிரீமியத்துக்கு 120லிருந்து 160 ஆகவும் உயர்த்தப்பட்டன. ஆப்பிள் ஆர்கேட் 2019இல் மாதம் 5 டாலராக இருந்து 2023இல் 7 டாலரானது.

இவ்வளவு ஏற்றத்துக்குப் பிறகும் சந்தா தகும் என்று கருதுவோர் எந்தக் கணக்கின் அடிப்படையில் அப்படிக் கருதுகிறீர்கள் என்பதையும், கைவிட்டவர்கள் எந்தக் காரணத்தால் கைவிட்டீர்கள் என்பதையும் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

எண்கணக்கன் எழுதியது:

நல்ல கேள்வி, நண்பர் நெடுவழி. கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

மாதம் 30 டாலர் என்றால் ஆண்டுக்கு 360, ஐந்தாண்டுக்கு 1800 டாலர். முழு விலையான 70 டாலரால் வகுத்தால் ஐந்தாண்டில் 25 புதிய கேம்கள், ஆண்டுக்கு ஐந்து. ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் புதிய பெரிய கேம்களை விளையாடுபவருக்குச் சந்தா லாபம் என்ற முடிவுக்கு இதை வைத்துத்தான் பலரும் வருகிறார்கள். இந்த வகுத்தலை நான் ஏற்கவில்லை. வெளியான நாளிலேயே முழு விலை கொடுத்து வாங்குபவர்கள் விளையாடுவோரில் ஒரு பகுதியினர்தான். ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பொறுத்திருந்தால் பெரும்பாலான கேம்கள் பருவகாலத் தள்ளுபடிகளில் பாதி விலைக்கோ அதற்கும் கீழோ வந்துவிடுகின்றன. சராசரியாக 20 டாலருக்கு வாங்கும் பழக்கமுள்ள ஒருவர் அதே 1800 டாலரில் 90 கேம்களை வாங்கிவிடுவார். ஐந்தாண்டில் 90 கேம்கள் என்பது ஆண்டுக்குப் பதினெட்டு. வேலைக்குப் போகும் ஒருவர் ஆண்டுக்குப் பதினெட்டு கேம்களை முடிப்பது அரிது.

ஆகவே சந்தாவை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சந்தாவின் பட்டியலில் உள்ள கேம்களின் மொத்த விலையோடு ஒப்பிடுவது விளம்பரத்துக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. சந்தா இல்லாதிருந்தால் அந்த ஆண்டில் நாம் எவற்றை, என்ன விலைக்கு வாங்கியிருப்போமோ அந்தத் தொகைதான் சரியான அளவுகோல். சந்தாவில் இருந்ததால் மட்டும் தொட்டுப் பார்த்து ஒரு மணி நேரத்தில் கைவிட்ட கேம்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை, அல்லது மிகச் சிறிய இடமே உண்டு.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒரு சேவையில் சந்தா வைத்திருப்பவர் கேம் வாங்குவதை நிறுத்திவிடுவதில்லை. ‘எல்டன் ரிங்’, ‘பால்டர்ஸ் கேட் 3’ போன்ற கேம்களைக் கேம் பாஸில் எதிர்பார்த்துக் காத்திருந்து பயனில்லை. அவற்றை விரும்பியவர்கள் சந்தாவுக்கு மேல் தனியாகப் பணம் கொடுத்தே வாங்கினார்கள். நின்டெண்டோவோ தன் புதிய கேம்களைச் சந்தாவில் தருவதே இல்லை. எனவே உண்மையான செலவு சந்தாவும் வாங்கிய கேம்களும் சேர்ந்த தொகை. இந்த இரண்டையும் ஓராண்டுக்குக் குறித்துவைத்துப் பார்த்தவர்களுக்கு விடை தானாகவே தெரிந்துவிடும்.

கயல்_விளையாடுகிறேன் எழுதியது:

எண்கணக்கன் அவர்களின் கணக்கு தனியாக விளையாடும் ஒருவருக்குச் சரியானது. எங்கள் வீட்டில் நாங்கள் மூவர், மூவருக்கும் ரசனை வேறு. என் மகளுக்குப் புதிரும் கட்டுமானமும் பிடிக்கும், மகனுக்குப் பந்தயமும் கால்பந்தும், எனக்குக் கதை சொல்லும் கேம்கள். எக்ஸ்பாக்ஸில் ஒருவரின் சந்தாவை, அவர் தன் முதன்மைக் கன்சோலாகக் குறித்த கருவியில் மற்ற கணக்குகளும் பயன்படுத்தலாம். பிளேஸ்டேஷனிலும் கன்சோல் பகிர்வு வசதி உண்டு. ஆகவே எங்கள் வீட்டில் கட்டணத்தை மூன்றால் வகுக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகளின் விருப்பம் மாதத்துக்கு மாதம் மாறுவது. அந்த வயதில் ஒவ்வொன்றையும் விலை கொடுத்து வாங்கினால், வாங்கியவற்றில் பாதிக்கு மேல் இரண்டு நாளில் கைவிடப்படும்.

தொட்டுப் பார்த்துக் கைவிட்டவற்றுக்குக் கணக்கில் மிகச் சிறிய இடமே உண்டு என்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஒரு கேம் எனக்குப் பிடிக்காது என்பதைப் பணம் கொடுக்காமல் தெரிந்துகொள்வதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அதைவிடப் பெரியது, தேடிப் போயிருக்கவே மாட்டாத ஒன்று எதிர்பாராமல் பிடித்துப்போவது. சிறு குழுக்கள் செய்த கேம்களில் எனக்கு மிகவும் நெருக்கமாகிவிட்ட சிலவற்றை நான் சந்தாவால்தான் அறிந்தேன். அவற்றின் பெயரைக் கடையில் பார்த்திருந்தால் படத்தைக்கூட நின்று பார்த்திருக்கமாட்டேன். சந்தா இல்லாதிருந்தால் எவற்றை வாங்கியிருப்பாய் என்ற அளவுகோல் இந்தப் பயனை முழுவதும் விட்டுவிடுகிறது, ஏனென்றால் அவற்றை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

எண்கணக்கன் எழுதியது:

வீட்டில் பலர் விளையாடினால் கணக்கு மாறும் என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். கண்டறிதலின் மதிப்பைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. அது முதல் ஓராண்டு, இரண்டாண்டுகளில் மிக அதிகமாகவும், பிறகு மெல்லக் குறைந்தும் வருவதைப் பலரிடம் பார்க்கிறேன். புதிதாகச் சேரும்போது பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கும் பட்டியல் முழுவதும் நமக்குப் புதியது. அதில் நமக்கு ஏற்றவற்றை விளையாடி முடித்த பின்னர், மாதாமாதம் புதிதாகச் சேர்பவற்றை மட்டுமே நம்பியிருக்கிறோம். முதல் ஆண்டின் அனுபவத்தை வைத்துப் பத்தாண்டை மதிப்பிடுவது அதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது. சந்தா நீளும்போது விலை ஏறுகிறது, நமக்கு மிச்சமிருக்கும் புதுமை குறைகிறது.

கூட்டாட்டம் எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்சோலில் விலை கொடுத்து வாங்கிய கேமை இணையத்தில் மற்றவர்களோடு விளையாட எப்படியும் அடிப்படைச் சந்தா தேவை. எக்ஸ்பாக்ஸில் இது 2002இல் இணைய ஆட்டத்துக்கான லைவ் சேவையோடு தொடங்கிய வழக்கம். பிளேஸ்டேஷனில் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) வந்த 2013இலிருந்து. இலவச கேம்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, கணினியிலும் இல்லை. ஆகவே நண்பர்களோடு இணையத்தில் விளையாடும் கன்சோல்காரர், மேலடுக்குச் சந்தாவின் முழுத் தொகையையும் கேம் நூலகத்தின் விலையாகக் கருதக் கூடாது. அடிப்படைக் கட்டணத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தையே கருத வேண்டும்.

இந்தக் கழித்தல் தரும் விடைகள் இரு நிறுவனங்களிலும் பெரிதும் வேறுபடுகின்றன. நண்பர் நெடுவழி தந்த எண்களிலேயே பிளேஸ்டேஷனில் எக்ஸ்ட்ராவுக்கும் எசென்ஷியலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆண்டுக்கு 55 டாலர்தான். ஒரு புதிய கேமின் விலைகூட இல்லை. கேம் பாஸில் 2025 அக்டோபர் விலைப்படி அடிப்படை அடுக்கான எசென்ஷியல் மாதம் 10 டாலர், அல்டிமேட் 30. வேறுபாடு ஆண்டுக்கு 240 டாலர். அந்த 240க்குக் கிடைக்கும் முதன்மையான பயன் வெளியான நாளிலேயே விளையாடும் வசதி. சோனி தன் பெரிய கேம்களை வெளியான நாளில் பிளஸ்ஸில் சேர்ப்பதில்லை. முதல் நாளிலேயே விளையாட வேண்டும் என்ற விருப்பம் இல்லாதவருக்கு இந்த இரண்டில் எது தகும் என்பதை இந்தக் கழித்தலே சொல்லிவிடுகிறது.

மெதுநடை எழுதியது:

நான் மெதுவாக விளையாடுபவன். வாரத்தில் சில மணி நேரம் கிடைத்தால் போதும் என்று இருப்பவன். எண்பது, நூறு மணி நேரம் கேட்கும் நீண்ட கேம்களே எனக்குப் பிடித்தவை. அத்தகைய ஒன்றை முடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆகும். இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சந்தாவின் கட்டணத்தைவிடப் பெரிய இடர், கேம்கள் பட்டியலிலிருந்து விலகுவது.

பிற நிறுவனங்கள் வெளியிடும் மூன்றாம் தரப்பு கேம்கள் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தின்பேரிலேயே சேர்கின்றன. காலம் முடிந்ததும் போய்விடுகின்றன. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ 2020 மே மாதம் கேம் பாஸில் சேர்ந்து அதே ஆண்டு செப்டம்பரில் விலகியது. அந்தக் கதையை அவசரமில்லாமல் நடந்து, மலைகளைப் பார்த்து, வேட்டையாடி முடிக்க விரும்பியவருக்கு நான்கு மாதங்கள் போதுமா? ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ 2020இலிருந்து பலமுறை வந்தும் போயும் இருக்கிறது. விலகப்போகும் கேம்களின் பெயர் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அறிவிக்கப்படுகிறது. முப்பது மணி நேரம் மிச்சமிருக்கும் ஒருவருக்கு இரண்டு வாரம் என்பது, தூக்கத்தைக் குறைத்து ஓட வேண்டிய காலம்.

நிறுவனத்தின் சொந்த கேம்களாவது என்றும் இருக்கும் என்று நம்புவோர் ‘ஃபோர்சா ஹொரைசன் 4’ஐ நினைவில் கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்டே வெளியிட்ட அந்த கேம், கார்களுக்கும் பாடல்களுக்கும் பெற்ற உரிமங்கள் முடிவுக்கு வந்ததால் 2024 டிசம்பர் 15ஆம் நாள் கடையிலிருந்தும் கேம் பாஸிலிருந்தும் நீக்கப்பட்டது. முன்பே விலை கொடுத்து வாங்கியிருந்தவர்கள் இன்றும் அதை இறக்கி விளையாடலாம். இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமானது. கடையிலிருந்து ஒரு கேம் மறைந்தால் வாங்கியவருக்கு அது பெரும்பாலும் இருந்துகொண்டே இருக்கும். சந்தாக்காரருக்கு அன்றே இல்லாமல் போகும்.

இதனால் நான் விளையாடும் விதமே மாறிப்போயிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எது எனக்குப் பிடிக்கும் என்பதைவிட எது விரைவில் போய்விடும் என்பதே அடுத்து எதை எடுப்பது என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கியது. ஓய்வுக்காகத் தொடங்கிய ஒன்றில் கெடுநாள் புகுந்துவிட்டது. கட்டணம் பாதியாகக் குறைந்தாலும் அந்த நிலைக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. இப்போது ஆண்டுக்கு மூன்று, நான்கு கேம்களை வாங்கி, அவற்றோடு நெடுநாள் இருக்கிறேன்.

வட்டுப்பெட்டி எழுதியது:

நண்பர் மெதுநடையின் பதிவில் உள்ள ஒவ்வொரு வரியும் எனக்கு உடன்பாடு. ஆனால் வாங்கியவை நம்முடையவை என்ற எண்ணத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் இந்த விவாதம் சந்தாவா சொத்தா என்று போனால் தவறான இடத்தில் நிற்கும்.

இணையக் கடையில் வாங்கும் கேம் பெரும்பாலும் ஓர் உரிமம். கலிஃபோர்னியாவில் 2024இல் கையெழுத்தாகி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிமம் மட்டுமே தரும் கடைகள் அதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. அது நடைமுறைக்கு வருமுன்பே, 2024 அக்டோபரில், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடை பணம் கட்டும் பக்கத்தில் அந்த அறிவிப்பைச் சேர்த்தது. நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகள் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. முன்பு வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ளும் வழி அப்போது விடப்பட்டது என்றாலும், அது என்றென்றும் திறந்திருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. 2014இல் வெளியான அந்தப் பந்தய கேமைத் தனியாக விளையாடவும் இணையத் தொடர்பு தேவைப்பட்டது. 2024 மார்ச் இறுதியில் சேவையகங்கள் நிறுத்தப்பட்டதும் வட்டு வாங்கி வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியவில்லை. அதன் விளைவாகவே கேம்களை விளையாடத்தக்க நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கோரும் இயக்கம் அந்த ஆண்டில் எழுந்து, ஐரோப்பாவில் பெரும் ஆதரவைப் பெற்றது.

ஆக, வாங்குவதிலும் படிநிலைகள் உண்டு. இணையம் இல்லாமல் முழுதாக ஓடும் வட்டு ஒரு பக்கம். அதை நண்பருக்குக் கொடுக்கலாம், முடித்த பின் விற்று ஒரு பகுதிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். நகல் பூட்டில்லாத கோப்புகளாகவே விற்கும் ஜிஓஜி போன்ற கடைகள் அதற்கு அடுத்து நிற்கின்றன. கணக்கோடு கட்டப்பட்ட இணைய வாங்கல் அதற்கும் கீழே. சந்தா கடைசியில். இணையம் வழியாகவே கேம்களை விளையாடத் தந்த கூகுளின் ஸ்டேடியா இந்தப் படிநிலைக்கு ஒரு நல்ல சான்று: 2019 நவம்பரில் தொடங்கிய அந்தச் சேவை 2023 ஜனவரி 18ஆம் நாள் நிறுத்தப்பட்டபோது, வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் பணம் திருப்பித் தரப்பட்டது, ஸ்டேடியா புரோ சந்தாவுக்குக் கட்டிய பணம் திருப்பித் தரப்படவில்லை. சந்தாப் பணம் பயன்படுத்திய காலத்துக்கான வாடகை என்ற நிலைப்பாட்டில் அது நியாயமே. பத்தாண்டு வாடகை கட்டினாலும் வீடு நம்முடையதாகாது என்பதை ஏற்றுக்கொண்டு கட்டுகிறோமா என்பதே கேள்வி.

கயல்_விளையாடுகிறேன் எழுதியது:

ஏற்றுக்கொண்டுதான் கட்டுகிறேன், ஐயா. ஒருமுறை விளையாடி முடித்த கேமை மீண்டும் எடுப்பவர்கள் எத்தனை பேர்? நான் எடுப்பதில்லை. எனக்கு அந்தக் கதை தந்த அனுபவம் போதும். கோப்பு என் கருவியில் இருக்க வேண்டும் என்ற தேவை எழவில்லை. மீண்டும் மீண்டும் விளையாடும் ஒன்றிரண்டை மட்டும் தள்ளுபடியில் வாங்கிவிடுகிறேன். கேம் பாஸ் பட்டியலில் இருக்கும் சில கேம்களுக்குச் சந்தாக்காரர்களுக்கென்று விலைக்குறைப்பும் கிடைத்துவந்திருக்கிறது.

நிரல்நெசவு எழுதியது:

நான் கேம் உருவாக்கும் துறையில் சிறிய பணியில் இருக்கிறேன். எந்தச் சந்தா நிறுவனத்தோடும் தொடர்பில்லை. நீண்ட காலம் என்று தலைப்பில் இருப்பதால், சந்தா வழியாக வரும் பணம் எந்த வகைக் கேம்களை உருவாக்கத் தூண்டும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

சந்தா நிறுவனங்கள் படைப்பாளிகளோடு செய்யும் ஒப்பந்தங்கள் ஒரே வகையானவை அல்ல. சிலருக்கு முன்பணமாக ஒரு மொத்தத் தொகை. சிலருக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்பதைப் பொறுத்த தொகை. விற்குமா விற்காதா என்று தெரியாத ஒரு சிறு குழுவுக்கு முன்பணம் மூச்சுவிட இடம் தருகிறது என்பதை நான் நேரில் அறிவேன். கயல் அவர்கள் எதிர்பாராமல் கண்டறிந்ததாகச் சொல்லும் கேம்களில் சில அந்தப் பணத்தால்தான் முடிவடைந்திருக்கும். மறுபுறம், சந்தாவில் சேர்வதால் விற்பனை குறையும் என்பது வெறும் அச்சமாக இருக்கவில்லை. கேம் நிறுவனமான ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்கும் முயற்சியை ஆராய்ந்த பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையில், ஒரு கேம் கேம் பாஸில் சேர்ந்த பின் ஓராண்டில் அதன் விற்பனை குறைவதைத் தன் உள் ஆய்வு காட்டுவதாக மைக்ரோசாஃப்டே தெரிவித்தது பதிவாகியிருக்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த ‘கிளேர் ஆப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33’ முதல் நாளே கேம் பாஸில் இருந்தும் 33 நாட்களில் 33 லட்சம் பிரதிகள் விற்றது. ஆனால் 2023 ஜனவரியில் முன்னறிவிப்பின்றிக் கேம் பாஸில் வெளியாகிப் பெரும் பாராட்டைப் பெற்ற ‘ஹை-ஃபை ரஷ்’ஷை உருவாக்கிய டேங்கோ கேம்வொர்க்ஸ் நிறுவனத்தை மூடுவதாக 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, பின்னர் அந்த ஆண்டு ஆகஸ்டில் தென்கொரிய கேம் நிறுவனமான கிராஃப்டன் அதை எடுத்துக்கொண்டது. மூடியதற்குச் சந்தாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மக்கள் விரும்பி விளையாடுவதற்கும் நிறுவனம் பிழைப்பதற்கும் இடையிலிருந்த நேரடிக் கயிறு, சந்தாவில் தளர்ந்துவிடுகிறது என்பதே என் கவலை. ஒரு பிரதி விற்றால் அந்தப் பணம் எந்தக் கேமுக்காக வந்தது என்று தெரியும். சந்தாவில் ஆறு மணி நேரத்தில் முடியும் செறிவான கேமைவிட, முடிவே இல்லாமல் நேரத்தை உறிஞ்சும் கேம் நிறுவனத்துக்கு வசதியானது, ஏனெனில் அது அடுத்த மாதக் கட்டணத்தைக் காப்பாற்றுகிறது. நீண்ட காலத்தில் இதுதான் என்னை உறுத்துகிறது.

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கூட்டாட்டம் அவர்களின் கழித்தலும் மெதுநடையின் கெடுநாள் பற்றிய பதிவும் நான் நினைத்துப் பார்க்காதவை. ஒரு நடைமுறைக் கேள்வி மிச்சமிருக்கிறது. இடைவிடாமல் கட்டுவதற்கும் முற்றிலும் விடுவதற்கும் இடையில், தேவைப்படும் மாதத்துக்கு மட்டும் கட்டிவிட்டு நிறுத்துவது எந்த அளவுக்குச் சாத்தியம்? அப்படி நிறுத்தும்போது விளையாடிய அளவைப் பதிந்துவைக்கும் சேவ் கோப்புகளும் தனியாக வாங்கிய கூடுதல் பகுதிகளும் என்ன ஆகும்?

எண்கணக்கன் எழுதியது:

சாத்தியம் மட்டுமல்ல, என் பார்வையில் பெரும்பாலானோருக்கு அதுவே ஏற்ற வழி. விளையாட விரும்பும் கேம்கள் மூன்று நான்கு சேரும் வரை காத்திருந்து, ஓய்வு கிடைக்கும் மாதத்தில் சேர்ந்து, சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிட வேண்டும். அணைத்தாலும் கட்டிய காலம் முடியும் வரை சேவை இருக்கும். 2025 அக்டோபர் விலைப்படி அல்டிமேட்டில் ஆண்டுக்கு மூன்று மாதம் என்றால் 90 டாலர். முழு ஆண்டுக் கட்டணத்தில் கால் பங்கு. பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே மலிவாகக் கட்டிவைக்கும் பழைய வழியின் லாபம் இப்போது சுருங்கிவிட்டது: எக்ஸ்பாக்ஸின் பழைய அடிப்படைச் சந்தாவான லைவ் கோல்டை ஒரு மாதத்துக்கு ஒரு மாதமாக அல்டிமேட்டாக மாற்றும் வசதி 2023இல் மூன்று மாதத்துக்கு இரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது, முதல் மாதம் ஒரு டாலர் என்ற சலுகையும் அந்த ஆண்டிலேயே முடிவுக்கு வந்தது.

தானியங்கிப் புதுப்பித்தலை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. விளையாடாமலே கட்டணம் போய்க்கொண்டிருப்பது நீண்ட காலச் சந்தாவின் மிகப் பெரிய இழப்பு. மேலே சொன்ன அதே பிரிட்டன் ஆணையம் இதை ஆராய்ந்ததன் விளைவாக, நெடுநாள் பயன்படுத்தாமல் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்களைத் தொடர்புகொண்டு நினைவூட்டவும், அவர்கள் அப்போதும் பயன்படுத்தாவிட்டால் கட்டணம் பிடிப்பதை நிறுத்தவும் மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியில் உறுதியளித்தது. அந்த உறுதி பிரிட்டனுக்கானது. மற்ற இடங்களில் இருப்பவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டுப்பெட்டி எழுதியது:

சேவ் கோப்புகளைப் பற்றிய கேள்விக்கு நான் விடை தருகிறேன். எக்ஸ்பாக்ஸில் சந்தா முடிந்தாலும் சேவ் உங்கள் கணக்கோடு மேகத்தில், அதாவது நிறுவனத்தின் இணையச் சேமிப்பில், இருக்கும். பிறகு அதே கேமை அங்கேயே வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிளேஸ்டேஷனில் சேவ் கருவியிலேயே இருக்கும், ஆனால் மேகச் சேமிப்பு பிளஸ் சந்தாவோடு கட்டுண்டது. பிஎஸ்4 கேமின் சேவ் கோப்பை யூஎஸ்பியில் நகலெடுத்து வைக்கலாம். பிஎஸ்5 கேமின் சேவுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே சந்தாவை நிறுத்தியிருக்கும் காலத்தில் கருவி பழுதானால் அந்தச் சேவ் போய்விடக்கூடும் என்பதை எண்ணிக்கொள்ள வேண்டும்.

கணினியில் விளையாடுபவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். கேம் பாஸில் தொடங்கிய ஒன்றைப் பிறகு ஸ்டீமில் வாங்கினால், பெரும்பாலும் சேவ் தானாக அங்கே போகாது. கூடுதல் பகுதிகளும் அப்படியே: மைக்ரோசாஃப்ட் கடையில் வாங்கிய விரிவாக்கம் அந்தக் கடையின் பதிப்போடு மட்டுமே இயங்கும். அடிப்படைக் கேம் பட்டியலிலிருந்து விலகினாலோ நீங்கள் சந்தாவை நிறுத்தினாலோ, விரிவாக்கம் உங்கள் கணக்கில் இருந்தும் அதைத் திறக்க அடிப்படைக் கேமை அதே கடையில் வாங்கியாக வேண்டும். அதனால் சந்தாவில் மட்டும் இருக்கும் ஒரு கேமுக்கு விரிவாக்கம் வாங்கத் தோன்றும்போது, முதலில் அந்தக் கேமின் தள்ளுபடி விலையைப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்து எந்தக் கடையில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.